கடவுச்சொல்லைக் காப்பது யார்?

சபரகமுவையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே, 'இவர் இன்னார்' என்று அறியும் முறை காலந்தோறும் மாறி வந்திருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து ஆள் கட்டி அழைத்துவரப்பட்ட தொழிலாளர், தோட்டத்தின் எண்ணும் தம் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கொண்டுவந்தனர். அத்தகரமே அவர்களுக்குச் சாட்சி. பின்னர்ப் பிரட்டுக்களத்திலே கங்காணி முகம் பார்த்து ஆளறிந்தார்.

இன்றோ அவர்தம் பேரப்பிள்ளைகள் எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் இருந்தபடியே கைத்தொலைபேசியில் பரீட்சைப் பெறுபேறு பார்க்கின்றனர். வங்கிக் கணக்கை நடத்துகின்றனர். மறுபுறத்தில் நிற்கும் கணினிக்கு முகம் தெரியாது. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு, தன் பதிவேட்டோடு ஒப்புநோக்கியே அது வழிவிடுகின்றது. அங்ஙனமாயின், அப்பதிவேடு களவு போனால் நம் கதி யாது?

இக்கேள்வி புதிதன்று. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக் கணினியொன்றில், 1966ஆம் ஆண்டு, இரு கோப்புகள் இடம் மாறின. அன்றைய வாழ்த்துச் செய்திக்குப் பதிலாக, எல்லோருடைய கடவுச்சொற்களும் உள்நுழைந்தோர் அனைவர்க்கும் காட்சியளித்தன!

இதற்குக் கண்ட பரிகாரம் யாதெனில், சொல்லை உள்ளபடியே எழுதி வையாது, அரைத்து வைப்பதாகும். பச்சைக் கொழுந்து தொழிற்சாலையிலே தூளாகின்றது. தூளை மீண்டும் கொழுந்தாக்க எவராலும் இயலுமோ? அதுபோலவே, கடவுச்சொல்லை ஒரு கணக்கினால் உருமாற்றி, உருமாறியதை மட்டும் கணினி வைத்துக்கொள்கின்றது. நாம் மறுமுறை சொல்லும்போது அதனையும் அவ்வாறே அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கின்றது.

எனினும், இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் தூளும் ஒன்றாகவே இருக்கும். கள்வனுக்கு அது துப்பாகிவிடும். ஆதலின் ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு எழுத்துகளைக் கலந்து அரைப்பர். பொறியியலாளர் இதற்கு இட்ட பெயர் 'உப்பு'! மொறிஸ், தொம்சன் என்னும் இருவர் 1979இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையை விளக்கியது.

வலையமைப்பின் வாயிற் கணினிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'பாப்' என்னும் முறையில் கடவுச்சொல் கம்பி வழியே உள்ளபடி செல்லும். ஆயின் பதிவேட்டில் அரைத்து வைக்கலாம். 'சாப்' என்னும் முறையில் கணினி ஒவ்வொரு தடவையும் புதுப்புதிர் போடும். விடை மட்டுமே கம்பியில் செல்லும். ஆனால் விடையைச் சரிபார்க்க, மூலச் சொல்லை மீட்கத்தக்க வடிவில் அக்கணினி வைத்திருத்தல் வேண்டும். வழியில் காத்தால் வீட்டில் அச்சம். வீட்டில் காத்தால் வழியில் அச்சம். ஆகையால் இக்காலத்தில் வழி முழுவதையும் மறைகுறியாக்கி, பதிவேட்டிலும் அரைத்தே வைப்பது நல்ல வழக்கமாயிற்று.

எல்லோரும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வதில்லை. 'ரொக்யூ' என்னும் நிறுவனம் அரையாமல் வைத்திருந்த 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் 2009இல் களவு போயின. அவற்றுள் மிகப் பலர் தேர்ந்திருந்தது எது தெரியுமா? 123456!

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறர் கணினியுள் நுழைதல் குற்றமாகும். ஆயினும் பணம் போனபின் வழக்காடுவதினும் போகாமற் காப்பதே நன்று. வங்கிக்கொரு சொல், கடிதத்துக்கொரு சொல் என வேறுவேறாக வையுங்கள். ஒன்று களவு போயினும் மற்றது தப்பும். நீண்ட சொல்லாகத் தேருங்கள். தொலைபேசியைச் சீர்செய்து தருபவரிடம் கடவுச்சொல்லைச் சொல்ல நேர்ந்தால், வீடு திரும்பியதும் மாற்றிவிடுங்கள். படித்த பிள்ளைகள் இதனைத் தாய் தந்தையர்க்கும் பாட்டிமார்க்கும் பொறுமையோடு எடுத்துரைப்பார்களாயின், அவர்கள் வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பொருள் அவர்களிடமே தங்கும்.