குளிர்ச்சி குறையாகுமா?

ஆடி மாதத்து நடுப்பகலிலே மட்டக்களப்பு வாவியைக் கடந்து மண்டூரிற் கரையேறுவோர், கச்சான் காற்றின் இயல்பை எவரும் சொல்லாமலே அறிவர். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைச் சொரிந்துவிட்டு, மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது வரண்டு சூடேறுகின்றது. அக்காற்றே படுவான்கரை வயல்வெளிகளைக் கடந்து அனலாக வந்து வீசுகின்றது. மாலையில் எழுவான்கரைப் பக்கமிருந்து கடற்காற்று வாவிநீரைத் தடவி வருமாயின், "அப்பாடா, குளிர்ச்சியாய் இருக்கிறது" என்று ஊரார் ஆறுதல் கொள்வர்.

இந்தக் "குளிர்ச்சி" என்னும் சொல்லை, அறிஞர் கூடும் ஓர் ஆராய்ச்சி மாநாட்டுக்கு நம் மாணவரொருவர் கொண்டு செல்வாராயின் அதற்கு என்ன நேரும்? வேடிக்கையான வினாப் போலத் தோன்றினும், இது நம் ஆசிரியர்களும் தமிழறிஞர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

மனிதர் எந்த நிலையில் வெப்பமும் குளிரும் வருத்தாது இதமாக இருக்கின்றனர் என்பதை ஆராயும் துறையொன்று உண்டு. அதனை வெப்ப இதவியல் என்று நாம் அழைக்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்பார் 1970-இல் வெளியிட்ட நூல் அத்துறைக்கு ஒரு தூணாயிற்று. காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள கூரையும் சுவரும் வீசும் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதன், உடை, செய்யும் வேலை ஆகிய ஆறையும் அவர் ஒரு சமன்பாட்டுள் அடக்கினார். தகரக்கூரையின் கீழிருந்து பாடம் படித்த எவருக்கும் இரண்டாவது காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அச்சமன்பாட்டுக்குச் சான்று தந்தோர், கட்டுப்படுத்திய அறைகளிலே அமர்த்தப்பெற்ற அமெரிக்க, டேனிஷ் கல்லூரி மாணவர்களே ஆவர்.

வெப்பநாட்டு மக்கள் அவ்வளவுகோலுக்குள் அடங்குவரா? சி. ஜி. வெப் என்பார் சிங்கப்பூரிற் செய்த ஆய்வை 1959-இலேயே வெளியிட்டிருந்தார். பின்னர் இந்தியாவின் ரூர்க்கியிலும் ஈராக்கின் பாக்தாத்திலும் திரட்டப்பெற்ற குறிப்புகளை நிக்கல் என்பார் 1974-இல் ஆராய்ந்தார். 30 பாகை செல்சியசுக்கு மேலும் பலர் இதமாக இருந்தனர் என்பது புலனாயிற்று. 1998-இல் டி டியரும் பிரேகரும் 160 கட்டடங்களிலிருந்து கிடைத்த ஏறக்குறைய 21,000 பதிவுகளை ஆராய்ந்து, சாளரங்களைத் திறந்து வாழும் மக்களின் இதநிலை வெளிக்காலநிலையோடு சேர்ந்தே மாறுகின்றது என்று காட்டினர்.

இத்துறையினர் கூடும் மாநாடுகளுள் புகழ்பெற்றது இங்கிலாந்தின் வின்சர் மாநாடு. அரச பூங்காவிலுள்ள கம்பர்லாந்து மாளிகையில் அது 1994-இல் தொடங்கிற்று. அங்கே 2016-இல் மாதவி இந்திரகந்தியும் உடன் ஆய்வாளரும் அளித்த கட்டுரையின் பொருள் எது தெரியுமா? நம் பெண்கள் உடுக்கும் சேலையும், நம் ஆடவர் உடுக்கும் வேட்டியும் சாரமும்! சூடேற்றிய பாவைக்கு அவற்றை உடுத்தி, அவை உடல்வெப்பத்தை எவ்வளவு காக்கின்றன என்று அளந்தனர். ஒரே சேலையாயினும் உடுத்தும் விதம் மாறக் காப்பும் மாறுகின்றது. மேனாட்டு உடைகளுக்கென வகுத்த அட்டவணையில் இந்த நுட்பத்துக்கு இடமேது? நம் வீட்டுக் கொடியில் உலரும் துணியும் அறிஞர் அவைக்கு உரிய பொருளே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உடையை அளக்கப் பாவை போதும். உணர்வை அளக்கவோ மனிதரைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு மொழி வேண்டும். இங்கேதான் இடர் தோன்றுகின்றது. ஆய்வாளர் வழங்கும் அளவுகோலில் ஏழு படிகள் உள்ளன. நடுவே சமநிலை, ஒரு புறம் வெப்பத்துக்கு மூன்று படி, மறுபுறம் குளிருக்கு மூன்று படி. ஃபாங்கர் முறைப்படி, நடுவிலிருந்து இரண்டு படியோ மூன்று படியோ விலகி விடையளிப்பவர் மனநிறைவற்றவராகக் கணிக்கப்படுவார். குளிர்ப்புறத்து இரண்டாம் படியைத் தமிழில் "குளிர்ச்சி" என்று ஒருவர் பெயர்த்துவிட்டார் என்று கொள்வோம். கச்சானுக்குப் பின் கடற்காற்றை நுகர்ந்த மண்டூர் மூதாட்டி, மகிழ்ந்து அப்படியையே தொடுவார். கணக்கோ அவரை வருந்துவோர் பட்டியலிற் சேர்க்கும்! கண் குளிர்ந்தது, மனம் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்று மகிழ்ச்சிக்கே குளிர்ச்சியை உரியதாக்கிய மொழியன்றோ நமது?

வெப்பத்தின் புறத்திலும் இதே சிக்கல் உண்டு. காற்றசையாத மாரிக்கு முந்திய இரவின் புழுக்கம் வேறு. கச்சானின் வரண்ட அனல் வேறு. முன்னதற்கு விசிறி மருந்து. பின்னதற்குக் கதவடைத்தலே மருந்து. ஏழு படியுள்ள ஒற்றை ஏணியோ இரண்டையும் ஒரே படியில் ஏற்றிவிடுகின்றது.

இது நம் ஒருவரின் முறையீடு மட்டுமன்று. 30 நாடுகளில், 21 மொழிகளில், 8,000-க்கு மேற்பட்ட வினாத்தாள்களைத் திரட்டிய கூட்டாய்வொன்று 2019-இல் வெளியாயிற்று. இவ்வளவுகோலின் படிகளை மக்கள் எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்பதை ஆராய்வதே அதன் நோக்கம்.

ஆகவே, மண்டூர்ப் பாடசாலை மண்டபமொன்றைக் களமாகக் கொண்டு மாநாட்டுக்கு எழுத விழையும் மாணவர் பெருஞ்செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கூரை வீசும் வெப்பத்தை அறிய, கறுப்பு வண்ணம் பூசிய மேசைப்பந்தினுள் வெப்பமானியைச் செருகினாற் போதும். அவ்வளவு சிறிய கோளமே அறைகளுக்குள் அளக்க ஏற்றது என்று ஹம்பிரீஸ் 1977-இலேயே காட்டினார். ஈரப்பதனையும் காற்றின் வேகத்தையும் உடன் குறிக்க வேண்டும். அமர்ந்திருப்போரின் இசைவைப் பெற்று, அந்நேரத்திலேயே வினாவ வேண்டும். "எப்படி இருக்கிறது?" என்பதோடு, "இன்னும் குளிர வேண்டுமா, இப்படியே இருக்கலாமா, சற்றுச் சூடு வேண்டுமா?" என்றும் கேட்டால், மூதாட்டியின் குளிர்ச்சி குறையன்று என்பது தானே வெளிப்படும்.

மாநாட்டுக்கு முதலில் அனுப்புவது சில நூறு சொற்களாலாகிய சுருக்கமே. எத்தனை பேரை, எந்நாளில், எக்கருவியால், எச்சொல்லால் வினாவினீர் என்றே மதிப்பீட்டாளர் நோக்குவர். முதல் மூன்றுக்கும் விடையெழுத அறிவியல் மாணவர் வல்லவர். நான்காவதற்குத் தமிழாசிரியரின் துணை வேண்டும். பெயர்த்த சொல்லை இன்னொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து ஒப்பு நோக்குதலும், வழங்கிய தமிழ்ச் சொற்களைக் கட்டுரையில் அவ்வாறே காட்டுதலும் நேர்மையான முறை.

பிறர் உடலை அளந்து வகுத்த விதிப்படி நம் மண்டபங்கள் எழுந்தால், சாளரங்கள் அடைபடும். குளிரூட்டும் பொறிக்கு மின்கட்டணம் ஏறும். கடற்காற்று வெளியே நின்றுவிடும். மண்டூரின் மாணவர் வகுப்பறையில் எழுதும் ஒரு சிறு கணக்கு அதனைத் தடுக்கத் துணைசெய்யலாம். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் இந்த ஒரு வினாத்தாளுக்காகவேனும் ஒரே மேசையில் அமர்வார்களாக.