ஊர்க்கணக்கு – 9: பதிவேட்டின் பெயர் சொல்லிக் கேளுங்கள்

ஒரே தெரு, ஒரே சிமெண்ட் ரோடு, அதைப் பற்றி இரண்டு மனுக்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மனுவில் இப்படி இருக்கிறது: "போட்டு ஆறு மாதத்தில் ரோடு பெயர்ந்தது ஏன்? இதற்கு யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" இரண்டாவது மனு: "மேற்படி சாலைப் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பணம் வழங்கிய செலவுச்சீட்டு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்."

கோபம் முழுக்க முதல் மனுவில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம்: 'தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது.' சட்டப்படி அந்தப் பதிலில் பெரிய பிழையும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது. விளக்கம் எழுதித் தரவோ, சட்ட ஆலோசனை சொல்லவோ அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சி.பி.எஸ்.இ. – ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தெளிவாக்கியது. மாணவர் தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பும் அதுதான். இருப்பதைக் கேட்டால் எளிதில் மறுக்க முடியாது, இல்லாததைக் கேட்டால் கிடைக்காது. இந்த வாரம் சொல்ல வந்தது இதைச் சுற்றித்தான்.

அப்படியென்றால் ஊராட்சி அலுவலக பீரோவில் என்னதான் இருக்கிறது? நம்மில் பலருக்கு வீட்டு வரி ரசீதைத் தவிர வேறெதுவும் தெரியாது. வரி கேட்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், செலவுச்சீட்டுகள், பொருள் இருப்புப் பதிவேடு என்று வரிசையாக இருக்கின்றன. மாதாமாதம் எத்தனை தெருவிளக்கு பல்பு வாங்கினார்கள், எத்தனை மாட்டினார்கள் என்பது இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். 'பல்பு மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்வது' என்று கிளார்க்கிடம் சண்டை போடுவதைவிட, அந்தப் பதிவேட்டின் கடைசி ஓராண்டுப் பக்கங்களைக் கேட்பது பலன் தரும். கிராம சபையில் வைக்கப்படும் வரவு செலவு அறிக்கைக்குப் 'படிவம் 30' என்று பெயர். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எல்லாவற்றிலும் சுவையானது அளவுப் புத்தகம். யூனியன் ஆபீஸ் வட்டாரத்தில் 'எம் புக்' என்பார்கள். வேலை முடிந்ததும் ஓவர்சீர் அளந்து நீளம், அகலம், கனம் எழுதுவது இதில்தான். மேலே உள்ள பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். இந்த எண்களைக் கொண்டுதான் பில் தயாராகிறது. புத்தகத்தில் 110 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 49.5 கன மீட்டர் கான்கிரீட். ஊர்க் கொத்தனாரிடம் டேப் வாங்கி, ரோட்டின் ஓரம் உடைந்த இடத்தில் கனம் பாருங்கள். சாலை நெடுக 10 சென்டிமீட்டர்தான் என்றால் தெருவில் கிடப்பது 33 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு காணோம். 'தரமில்லாத ரோடு' என்று மனு எழுதினால் அது அபிப்பிராயம். 16.5 கன மீட்டர் என்று எழுதினால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்ததும் இப்படிப்பட்ட ஊராட்சிப் பதிவேடுகளிலிருந்துதான். டெல்லியில் நான்கு சட்ட அறிஞர்கள் உட்கார்ந்து எழுதியது என்று நினைப்பவர்கள் உண்டு. ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்துக் கூலிக்காரர்களோடு சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குறைந்தபட்சக் கூலி கேட்டால், 'நீ அத்தனை வேலை செய்யவில்லை, ரெக்கார்டு அப்படித்தான் சொல்கிறது' என்றார்கள் அதிகாரிகள். சரி, அந்த ரெக்கார்டைக் காட்டு என்றார்கள் கூலிக்காரர்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, பில்லையும், கூலியாட்களின் வருகைப் பட்டியலான மஸ்டர் ரோலையும் உரக்கப் படித்தார்கள். யார் வேலை செய்தார்கள், யார் செய்யவில்லை என்பது கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தானே தெரியும்! 1996இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா நடந்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் முழக்கம். அங்கே கிளம்பிய கோரிக்கைதான் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமாக முடிந்தது. நம் மாநிலம் 1997லேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டது. நாட்டில் முதலில் போட்டவர்கள் நாம்தான். ஆனால் விலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்ததாலும் மறுப்பவருக்குத் தண்டம் இல்லாததாலும் அதைப் பெரும்பாலோர் மறந்தே போனோம்.

இனி மனு. வெள்ளைத்தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் அதற்கான சான்றின் நகலை இணைத்தால் கட்டணம் இல்லை. 'பொதுத் தகவல் அலுவலர்' என்று பதவிப் பெயருக்கு முகவரி எழுதுங்கள். தலைவரின் பெயரோ கிளார்க்கின் பெயரோ வேண்டாம். ஊராட்சிக்கா, ஒன்றிய அலுவலகத்துக்கா என்று குழம்பி மனுவை ஒத்திப்போட வேண்டியதில்லை. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 6(3). நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நேரில் கொடுக்கும்போது ஒரு கேள்வி நிச்சயம் வரும்.

"எதுக்குண்ணே இதெல்லாம்? ஒரே ஊர்ல இருக்கோம். என்கிட்ட வாயால கேட்டா சொல்ல மாட்டனா?"

கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. சொந்தக்காரராகக்கூட இருப்பார். ஆனால் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது பிரிவு 6(2). "சும்மா தெரிஞ்சுக்கத்தான் தம்பி, நீ முத்திரையப் போடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஊர்ப் பகைக்கு அஞ்சுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வீட்டு முகவரி கட்டாயமில்லை, தபால் பெட்டி எண் இருந்தாலே போதும் என்று 2013இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனினும் சிறிய ஊரில் மனு போட்டது யார் என்பது சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். நான்கைந்து பேர் ஆளுக்கொரு பணி பற்றித் தனித்தனியாக மனு போடுவதுதான் என் கணக்கில் நல்ல பாதுகாப்பு.

எதைக் கேட்பது என்று தெரியாதவர்கள் முதலில் ஈ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தைப் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துப் போனால் ஆண்டுத் திட்டமும் நிதிக்குழு மானியத்தில் செய்த செலவும் கிடைக்கும். அங்கே ஒரு செலவுச்சீட்டின் எண்ணும் தேதியும் கிடைத்துவிட்டால் மனு பாதி எழுதியாயிற்று. 'இந்தத் தேதி, இந்த எண் செலவுச்சீட்டும் அதனோடு இணைந்த பில்லும்' என்று கேட்கிறவரிடம் 'எதுவென்று தெரியவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது.

நகல் வாங்குவதைவிட நேரில் பார்ப்பது மேல் என்பது என் கட்சி. நகலுக்கு ஒரு பக்கம் 2 ரூபாய். ரொக்கப் பதிவேட்டின் மூன்றாண்டுப் பக்கங்களைக் கேட்டால், 'அலுவலகப் பணி பாதிக்கும்' என்று பிரிவு 7(9)ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு தகவலை எந்த வடிவில் தருவது என்பதைப் பற்றியது, மறுப்பதற்கான உரிமம் ஆகாது. ஆனாலும் அந்த வாக்குவாதமே வேண்டாமே. "மேற்படி பதிவேடுகளை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும், நான் சுட்டும் பக்கங்களுக்கு நகல் பெறவும் நாளும் நேரமும் குறித்துத் தருக" என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பதிவேட்டை முழுசாகப் புரட்டும்போது நகலில் தெரியாதவை கண்ணில் படும். ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதிய மூன்று மாதக் கணக்கு, தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே விட்டிருக்கும் காலி இடம், அடித்துத் திருத்திய எண். பிரிவு 2(ஜே) இதற்கு மேலும் போகிறது. நடந்த வேலையையே பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியையும் கேட்கலாம். ரோட்டின் ஒரு துண்டைச் சட்டப்படி கேட்டு வாங்க முடியும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். அடுத்த 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலருக்கு மேலுள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், இதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் ஒன்றும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்க முடியும். ஆணையத்தில் விசாரணை வர நெடுங்காலம் ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பதில் வராதபோது முதல் மேல்முறையீடு போடாமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம். அந்த ஒரு கடிதத்துக்கே இறங்கி வருகிற அலுவலகங்கள் உண்டு. கெடு தாண்டிக் கொடுத்தால் நகலுக்குப் பணம் கேட்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

'அது பழைய தலைவர் காலத்து ஃபைல், எங்களிடம் இல்லை' என்பது இப்போது அடிக்கடி காதில் விழுகிற பதில். பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் போகலாம், பதிவேடு ஊராட்சியின் சொத்து. கோப்பு காணவில்லை என்பது சட்டம் அனுமதிக்கும் விலக்கு அல்ல. தேடவும், தொலைந்ததற்குப் பொறுப்பு யார் என விசாரிக்கவும் வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் கூறியுள்ளது. எழுதிக் கேளுங்கள், 'காணவில்லை' என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. தனிநபர் தகவல் பற்றிய பிரிவு 8(1)(ஜே)யை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி இறுக்கிவிட்டது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்றிருந்த வரியும் அதோடு போயிற்று. வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் பட்டியலைக் கேட்டால் இனி இதைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். இதற்குப் பதிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 4(1)(பி). பொதுநலன் பெரிதென்றால் விலக்கப்பட்டதையும் தரலாம் என்கிறது 8(2). மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறது பிரிவு 10. மூன்று எண்களையும் மனுவின் அடியில் எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் போன்றவை வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டால் மறுப்பதற்கான சாக்கு குறையும்.

நகல் கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அளவுப் புத்தகத்தின் பக்கத்தை அங்கே உரக்கப் படித்து, அந்தத் தெருக்காரர்களையே எழுந்து பேசச் சொல்லுங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். தீர்மானத்தை வைத்துக்கொண்டு தணிக்கைத் தடை வரைக்கும் எப்படிப் போவது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)