கடையில் தமிழ், கைத்தொலைபேசியில் என்ன இது?

வெள்ளவத்தை காலி வீதியிலோ கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலோ ஒரு கடையில் அந்தியேட்டிக் கல்வெட்டை டைப் செய்யக் கொடுக்கிறீர்கள். கடைத் திரையில் அழகான தமிழ். அந்த வேர்ட் கோப்பை ரொறன்ரோவிலுள்ள மகனுக்கு அனுப்பினால், "அம்மா, எல்லாம் இங்கிலிஷ் எழுத்தாக் கிடக்குது" என்கிறான். வைரஸும் இல்லை, கோப்பு பழுதாகவும் இல்லை.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் குறியீடு. எந்த எண்ணுக்கு என்ன வடிவத்தைத் திரையில் வரைவது என்பதை வைத்திருப்பது எழுத்துரு, கடைக்காரர் சொல்லும் பொன்ட்.

நம் கடைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பாமினி, ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கே தமிழ் உடுப்பைப் போட்டுவிடும். திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி. எண்ணாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. பாமினி இல்லாத கணினி அந்த ஐந்தையும் உள்ளபடியே காட்டும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வேர்ட் அதை ஆங்கிலம் என்றே நம்புவதால், வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. 'தந்தையார்' 'துந்தையார்' ஆவதும், 'கண்ணீர் அஞ்சலி' 'குண்ணீர் அஞ்சலி' ஆவதும் இப்படித்தான். டைப் செய்தவரைத் திட்டிப் பயனில்லை. வேர்டில் அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

யூனிகோட் வேறு வழி. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டன. 'த' 2980, 'ம' 2990, இகரக் குறி 3007, 'ழ' 2996, புள்ளி 3021. இந்த எண்கள் வேறெந்த மொழிக்கும் சொந்தமில்லை. அதனால் எந்த யூனிகோட் தமிழ் எழுத்துரு இருந்தாலும் எழுத்து தமிழாகவே தெரியும், வட்ஸ்அப்பில் ஒட்டினாலும் கலையாது. கோப்புக்குள் ஒரு பெயரைத் தமிழிலேயே தட்டித் தேடவும் முடியும்.

ஆகவே கடையில் இரண்டு விடயம் கேளுங்கள். அச்சுக்கும் பார்வைக்கும் மட்டும் என்றால் பிடிஎஃப் போதும். பொதுவாக எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே சேர்ந்து போகும். மகன் திருத்தி அனுப்ப வேண்டும், நாளைக்குத் தேடி எடுக்க வேண்டும் என்றால் யூனிகோட்டில் டைப் செய்யச் சொல்லுங்கள்.

பழைய பாமினிக் கோப்புகளை வீச வேண்டாம். யூனிகோட்டாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று பிரித்தறியத் தெரியாது. கல்வெட்டின் கடைசியில் ஆங்கிலத்தில் போட்ட மின்னஞ்சல் முகவரியையும் அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். அந்த வரிகளை வெட்டி வைத்துவிட்டு, மாற்றி முடிந்தபின் ஒட்டிக்கொள்ளுங்கள்.