சீமான்கள் தேடி வந்த எண்ணூர்

கடல் ஓரத்தில் ஒரு பங்களா. முன்னால் அலை, பின்னால் தோப்பு. காலையில் நகரத்துக்குப் போய் வேலையைப் பார்க்கலாம். மாலையில் கடல் காற்றுக்குத் திரும்பி விடலாம்.

சென்னையில் இப்படி வசதியாக வாழ்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? "நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம்" என்று எவரும் சட்டென்று சொல்லி விடுவார்கள். எல்லாம் நகரத்துக்குத் தெற்கே உள்ள ஊர்கள்.

200 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டிருந்தால், அவர் வடக்கே கையைக் காட்டியிருப்பார். "எண்ணூர்!" என்றிருப்பார்.

ஆம். இன்று புகைபோக்கிகளுக்குப் பேர் போன எண்ணூர்தான், அன்று சீமான்களின் கடற்கரை!

இரு பக்கமும் தண்ணீர்

சென்னைக் கோட்டையில் இருந்து வடக்கே சுமார் 10 மைல் தூரத்தில் இருக்கிறது எண்ணூர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே உப்பங்கழி. நடுவில் நீளமான மணல் திட்டு. அந்தத் திட்டின் மேல்தான் ஊர்.

பூண்டி ஏரியைத் தாண்டி வரும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். அங்கே மீனுக்கும் பஞ்சம் இல்லை. காற்றுக்கும் பஞ்சம் இல்லை.

கோட்டையின் புழுக்கம் தாங்காத துரைமார்களுக்கு இது போதாதா? ஓய்வு நாட்களில் இங்கே வந்தார்கள். தங்குவதற்கு வீடுகள் கட்டினார்கள். படகு விட்டார்கள். மீன் விருந்து உண்டார்கள்.

வழி வெட்டிய வணிகர்

அந்தக் காலத்தில் எண்ணூருக்கு நல்ல சாலை இல்லை, ரெயிலும் இல்லை. தண்ணீர் வழிதான் இருந்தது.

பேசில் காக்ரேன் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர், பெரிய வணிகர். 1801-ம் ஆண்டில் தொடங்கி 1806-ம் ஆண்டுக்குள் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 11 மைல் தூரத்துக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. "காக்ரேன் கால்வாய்" என்றே அதற்குப் பெயர்.

பிறகு அந்தக் கால்வாய் பழவேற்காடு ஏரி வரை நீண்டது. அதற்கு அப்பால் ஆந்திரம் வரை போயிற்று. விறகும் நெல்லும் உப்பும் ஏற்றிய படகுகள் இந்த வழியாகச் சென்னைக்கு வந்தன. 1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் வந்தது. பட்டினி கிடந்த மக்களுக்கு வேலை கொடுக்க, நகரத்துக்குள்ளும் கால்வாய் வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. அதனால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று.

மணல் செய்த மாயம்

பிறகு எண்ணூரின் செல்வாக்கு ஏன் குறைந்தது? சீமான்கள் ஏன் தெற்கே திரும்பினார்கள்?

ஒரு காரணம் மணல்! கேட்டால் வியப்பாக இருக்கும்.

இந்தக் கரையில், ஆண்டின் பெரும்பகுதி, அலைகள் மணலைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஒரு பக்கம் அரித்தாலும், அலை கொண்டு வரும் மணல் அந்த இடத்தை நிரப்பி விடும். இயற்கையின் வரவு செலவு அது.

1876-ம் ஆண்டில் சென்னைத் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. கடலுக்குள் கல் சுவர்கள் நீண்டன. வடக்கே போக வேண்டிய மணல், சுவரில் முட்டி நின்றது. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. நாம் காற்று வாங்கும் மெரினா, இவ்வளவு அகலம் ஆனது அப்படித்தான்.

வடக்கே செலவு மட்டும் நின்றது. வரவு நின்று போயிற்று. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மீனவர் குப்பங்களில் வீடுகள் போயின. இன்று அங்கே மணல் வெளிக்குப் பதிலாகக் கருங்கல் குவியலைத்தான் பல இடங்களில் பார்க்கலாம்.

தொழிற்சாலைகள் வந்தன

அடுத்த காரணம், தொழில். நிலம் இருந்தது, ரெயில் இருந்தது, கடலும் இருந்தது. தொழிற்சாலைக்கு வேறு என்ன வேண்டும்?

1948-ம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தோன்றியது. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி, லாரியும் பஸ்ஸும் செய்தது. 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது. 1994-ல் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம். அதற்கு 2014-ல் காமராஜர் பெயர் சூட்டினார்கள்.

இவற்றால் நாட்டுக்கு விளக்கு எரிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. அதை மறுக்க முடியாது. சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரெயிலில் காலையில் ஏறிப் பாருங்கள். சாப்பாட்டுப் பையோடு தொழிலாளர் கூட்டம் வடக்கே போகும். மீன் கூடைகளோடு பெண்கள் தெற்கே வருவார்கள்.

சீமான்கள் போன வழி வேறு. தெற்கே 1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்தது. மீனவர் குப்பங்களை ஒட்டிப் பங்களாக்கள் எழும்பின. பணம் கரை மாறியது!

கழுத்தளவு தண்ணீரில்

சீமான்கள் போய் விட்டார்கள். மீனவர்கள் எங்கே போவார்கள்?

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களுக்கு உப்பங்கழிதான் வயல். மடவை, நண்டு, இறால் எல்லாம் இங்கே கிடைத்தன. கழுத்தளவு தண்ணீரில் நின்று, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையாலேயே தடவி இறால் பிடிப்பவர்களும் உண்டு. வலை வேண்டாம், படகு வேண்டாம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதும்.

அந்தத் தண்ணீரில்தான் இப்போது சிக்கல். அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களில் கசிந்து உப்பங்கழியில் படிந்தது. ஆழம் குறைந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே 2 கப்பல்கள் மோதின. எண்ணெய் கரை ஒதுங்கியது. மக்கள் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கம் இருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதக் கடைசியில், ஒரு நள்ளிரவில் கடலடிக் குழாயில் இருந்து அம்மோனியா வாயு கசிந்தது. குழந்தை குட்டிகளோடு மக்கள் தெருவில் ஓடினார்கள்.

எல்லோருக்கும் சொந்தம்

எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. கத்திவாக்கம் நகராட்சி 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து விட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த எண்ணூர், 2018-ல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. முகத்துவாரத்துக்கு வடகரையில் உள்ள அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் இன்னும் திருவள்ளூர் மாவட்டம்தான்.

எல்லை எதுவானாலும் தண்ணீர் ஒன்றே. மழைக்காலத்தில் திருவள்ளூர்ப் பக்கத்து வெள்ளம் கொசஸ்தலை வழியாக வந்து, எண்ணூரில்தான் கடலைச் சேர வேண்டும். முகத்துவாரம் தூர்ந்தால் வெள்ளம் ஊருக்குள்தான் திரும்பும். அப்போது குப்பத்துக் குடிசை, நகரத்து மாடி என்று அது பார்க்காது.

சீமான்களுக்கு எண்ணூர் ஓர் ஓய்வு இடம். அலுத்ததும் வேறு கரை தேடிக்கொண்டார்கள். மீனவனுக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் வேறு கரை இல்லை. சாம்பலை அள்ளி, ஆழத்தை மீட்டு, கழிவு வரும் வழியை அடைத்தால், அந்தத் தண்ணீரில் மீண்டும் இறால் துள்ளும். செலவு ஆகும்தான். ஆனால் வெள்ளம் வந்த பிறகு ஆகும் செலவை விட அது குறைவு!