தறி வீட்டில் வளரும் குழந்தை

ஐப்பசி பிறந்ததும் நெசவாளர் இல்லங்களில் இரண்டு நெருக்கடிகள் ஒருங்கே வந்து சேருகின்றன. தீபாவளிச் சேலைகளை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம் ஒன்று. வடகிழக்குப் பருவமழை மற்றொன்று. மழை நாளில் தெருவில் பாவு நீட்ட இயலாது; தறிக்குழியிலும் ஈரம் ஊறும். நெய்த உருப்படிக்கே கூலியாதலால், தறி நின்ற நாள் கூலியற்ற நாளாகிறது. நடவுக் காலத்தில் உழவர் இல்லங்கள் படும் பாடும் ஏறக்குறைய இதுவே.

இந்நெருக்கடி தறியோடு நிற்பதில்லை. நூல் அறுந்த கோபம் பிள்ளையின் முதுகில் விழுகிறது. “தறியில் உட்கார்ந்தால்தான் தொழில் படியும்” என்கிறார் தாத்தா. “பள்ளிக்கூடம் போகட்டும், மாமா” என்கிறாள் மருமகள். தந்தையோ வாய் திறவாமல் நாடாவை ஓட்டுகிறார். யார் சொல்லைக் கேட்பது என்றறியாமல் குழந்தை திகைத்து நிற்கிறது.

பெரியவர் கூற்றிலும் காரணம் உண்டு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கெனத் தனி நாடா ஓட்டத் துணையாள் வேண்டும். முற்காலத்தில் அவ்விடத்தில் அமர்ந்தோர் பெரும்பாலும் சிறுவரே. ஆயினும் காலம் மாறிவிட்டது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியைக் குழந்தையின் உரிமையாக்கிற்று. 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கிற்று. குடும்பத் தொழிலில் உதவுவதாயினும் பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோதான். அதுவும் படிப்புக்கு ஊறின்றி.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் சில கூற விரும்புகிறோம். பிள்ளையைப் பற்றிய கருத்து வேற்றுமையைப் பிள்ளை உறங்கியபின் பேசித் தீருங்கள். மறுநாள் வீட்டில் ஒரே சொல் ஒலிக்கட்டும். விளக்கு வைத்தபின் ஒரு மணி நேரம் தறியை நிறுத்துங்கள். அவ்வேளையில் தந்தை பிள்ளையின் பாடத்தைக் கேட்கட்டும். தார் சுற்றும் பாட்டி கதை சொல்லட்டும். தொழிலின் பெருமை அக்கதை வழியாகவே பிள்ளையின் உள்ளத்தில் பதியும்.

சங்கத்திற்கும் கடமை உண்டு. துணையாளின் கூலி கட்டுப்படியாகாதபோதுதான் வீட்டுப் பிள்ளை தறியருகே அமர்த்தப்படுகிறது. சேலையின் கூலியை நிர்ணயிக்கையில் துணையாளின் கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மழைக்கு முன்பே பாவு நூல் வழங்கிவிட வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் தயங்காது கேட்பார்களாக. தறி தரும் பாரத்தைப் பெரியவர்கள் பகிர்ந்து சுமப்போம். பிள்ளையின் தோளில் புத்தகப் பை மட்டும் இருக்கட்டும்.