ஓரத்தைக் கொஞ்சம் காட்டுங்கண்ணா

இரவு எட்டரை மணிக்கு மேல்தான் தமிழ்நாட்டு நாணய சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் விழித்துக்கொள்ளும். ‘லாட் 14. எட்வர்டு காலத்துக் கால் அணா. பேஸ் 80’ என்று ஒரு படம் விழும். 100, 120, 150 என எண்கள் ஓடும். ஒன்பதே முக்காலுக்கு ‘சோல்டு’. வென்றவர் தூத்துக்குடியில், விற்றவர் கிருஷ்ணகிரியில். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. கடை கிடையாது, பில் கிடையாது. பணம் முதலில் போகும், பொருள் பிறகு வரும். பெரும்பாலும் வந்தும் சேர்ந்துவிடுகிறது என்பதுதான் இதில் வியப்பு. வராத நாளில்தான் கேள்வி எழுகிறது: இவரை எதை வைத்து நம்பினோம்?

முதலில் ஒரு கும்பலை ஒதுக்கிவிட்டுப் பேசலாம். வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சங்கள், 786 என்று முடியும் நோட்டுக்கு லட்சங்கள் என்று யூடியூபில் கூவுகிறவர்கள். ராமர், சீதை, அனுமன் உருவத்தோடு 1818 என்று பொறித்த ‘கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம்’ இவர்களுக்கு வற்றாத சுரங்கம். கம்பெனி அப்படி ஒன்றை வெளியிட்டதே இல்லை. நோட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அதற்கு முன் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று கறப்பதுதான் வழி. ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தி இது நடந்ததால், தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிவிக்க வேண்டி வந்தது. இதில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்கள் அல்லர். பீரோவில் நாலு பழைய காசு வைத்திருக்கும் பாவப்பட்டவர்கள்.

சேகரிப்பாளர் ஏமாறும் விதம் வேறு. அவருக்குப் பொருள் தெரியும். ஆளைத்தான் தெரியாது.

புதிதாக ஒருவரிடம் வாங்கும்போது என்ன செய்கிறோம்? குழுவில் ‘இவர் எப்படி?’ என்று கேட்கிறோம். ‘ஜெனியூன் பார்ட்டி’, ‘நம்பி வாங்கலாம் சார்’ என்று நாலு கைகூப்பல் வரும். அவ்வளவுதான், மனம் சமாதானமாகிவிடுகிறது. இந்தக் கைகூப்பல்களின் மதிப்பு என்ன என்பதை இணைய ஏலத் தளமான ஈபேயின் கதை காட்டுகிறது. அதன் தொடக்க காலத் தரவுகளை ஆராய்ந்த பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும், வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் 99 சதவீதம் பாராட்டாகவே இருப்பதைக் கண்டார்கள். உலகம் அவ்வளவு யோக்கியம் என்று அர்த்தமில்லை. நான் உன்னைக் குறை சொன்னால் நீயும் என்னைக் குறை சொல்வாய் என்ற பயம் நடுவில் இருந்தது. 2008இல் ஈபே விதியை மாற்றி, விற்பவர் வாங்குபவரைக் குறைசொல்லி எழுத முடியாதபடி செய்தது. நம் குழுக்களில் அந்த விதியும் இல்லை. மோசம் போனவர் அட்மினிடம் தனியாகப் புலம்புவார். குழுவில் வாய் திறக்க மாட்டார். நாளைக்கு அதே ஆளிடம் ஒரு நல்ல சரக்கு வந்தால் என்ன செய்வது?

நற்பெயருக்கு விலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஆய்வாளர்கள் இன்னொரு சோதனை செய்தார்கள். பழைய அஞ்சலட்டைகள் விற்பதில் ஈபேயில் பேர்பெற்ற ஒருவரை, அதே மாதிரி அட்டைகளைத் தன் பழைய கணக்கிலும், புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் விற்கச் செய்தார்கள். பழைய கணக்குக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. என் பார்வையில் இந்த எட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பெயரைக் காப்பாற்றினால் கிடைக்கும் கூடுதல் இவ்வளவு என்றால், ஒரே ஏலத்தில் அதைவிடப் பல மடங்கு சுருட்டிக்கொண்டு போக வழி வரும் நாளில் அந்தப் பெயர் எத்தனை தூரம் தாங்கும்?

நீண்ட காலத் திட்டம் போடுகிறவர்கள் செய்வது இதைத்தான். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்ச் சில்லறை லாட்டுகளை ஆறு மாதம் ஒழுங்காக அனுப்புவார்கள். ஸ்பீட் போஸ்ட் எண் அன்றே வந்துவிடும், பேக்கிங் பிரமாதமாக இருக்கும். பிறகு ஒரு வார இறுதியில் வெள்ளி ரூபாய்களாக இருபது லாட் இறங்கும், எல்லாம் சந்தையைவிட மலிவு. திங்கட்கிழமை எண் அணைந்திருக்கும். ஆகவே ‘எத்தனை முறை வாங்கினீர்கள்’ என்று விசாரிப்பதில் பயனில்லை. ‘எவ்வளவு தொகைக்கு வாங்கினீர்கள், ஏதாவது தகராறு வந்ததா, வந்தபோது என்ன செய்தார்’ என்று கேட்க வேண்டும். ஒருமுறை தவறான காசை அனுப்பி, திருப்பி வாங்கிக்கொண்டு பணம் தந்தவரை, ஒருமுறைகூடத் தவறே செய்யாதவரைவிட நான் கூடுதலாக நம்புவேன். வெகுநாள் பழகியவர் திடீரென்று வழக்கத்துக்கு மாறாகப் பாதி விலையில் சரக்கு போட்டால், அவர் எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் குரலைக் கேட்டுவிடுவது நல்லது. வாட்ஸ்அப் கணக்கு வேறு யார் கையிலாவது போயிருக்கலாம்.

சேகரிப்பாளர்களின் மாதக் கூட்டத்துக்கு வருகிறவர், கண்காட்சியில் மேசை போடுகிறவர் ஏமாற்றினால் அடுத்த மாதம் தலைகாட்ட முடியாது. அவரிடம் இழக்க ஏதோ இருக்கிறது. நேற்றுச் சேர்ந்த கல்லூரிப் பையனிடம் அது இல்லை. அதற்காக அவன் திருடனும் இல்லை. முதலில் சிறியதாக ஒன்று வாங்கிப் பார்ப்பதுதான் அவனுக்கும் மரியாதை, நமக்கும் பாதுகாப்பு.

ஆளைவிட்டுக் காசுக்கு வருவோம். ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய் அபூர்வமானது, 1938 அப்படியல்ல. ஆகவே 1938இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கும் கைவேலை உண்டு. இங்கே தராசு உதவாது. 11.66 கிராம் அச்சாக இருக்கும், வெள்ளியும் அசல் வெள்ளியே, காந்தமும் ஒட்டாது. லென்ஸ் வைத்து அந்த ஒன்பதைச் சுற்றியுள்ள தளத்தைப் பார்க்க வேண்டும். மற்ற எண்களைச் சுற்றி இருக்கும் பழைய மெருகு அங்கு மட்டும் மாறியிருக்கும். அச்சில் வார்த்த போலி என்றால் ஓரத்தில் மாட்டும்: வரிகள் மழுங்கியிருக்கும், சில சமயம் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும். நிறையப் பேர் தலையையும் பூவையும் மட்டும் படம் எடுத்துப் போடுவது சோம்பேறித்தனத்தால். சிலர் காரணத்தோடு.

அதனால்தான் அந்தக் கேள்வி. “அண்ணா, ஓரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? பக்கத்துல இன்னைக்குத் தேதி எழுதின பேப்பர் ஒண்ணு வெச்சு.”

“இப்ப லைட்டு சரியில்ல தம்பி, காலைல வெயில்ல எடுத்து அனுப்புறேன். காசைக் கடிகாரமா நெனச்சா ஏழு மணிப் பக்கம் ஒரு சின்ன வெட்டு இருக்கு, பாத்துட்டுச் சொல்லு.” இது ஒரு வகை பதில்.

“நம்பிக்கை இல்லன்னா விட்ருங்க ப்ரோ. மூணு பேரு வெயிட்டிங்.” இது இன்னொரு வகை.

காசு கையில் இருப்பவருக்கு ஒரு படம் எடுப்பதில் ஒரு நிமிஷம்தான் செலவு. வேறொருவரின் ஏலப் பட்டியலிலிருந்து படத்தை உருவியவருக்கு அது முடியாத காரியம். நம் சந்தேகத்தால் அவர் மனம் புண்பட்டதாகக் காட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

விற்பவர் பக்கமும் அழுகை குறைவில்லை. ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் தொல்லை ஒருபுறம். ஜிபே போலவே தோன்றும் பொய் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி ‘இன்னைக்கே போஸ்ட் பண்ணிடுங்க’ என்று அவசரப்படுத்துகிறவர்கள் இன்னொருபுறம். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காமல் வங்கிக் கணக்கைப் பார்ப்பதே மருந்து. பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்று சொல்பவரிடம் பேச்சே வேண்டாம். பணம் பெற பின் தேவையில்லை. பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும், நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிவிடும். சோழர் காசை வெளிநாட்டுக்குக் கூரியரில் அனுப்பச் சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சிக்கல்தான்: நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது.

விற்பவர் அதிகம் பயப்படுவது திரும்பி வரும் பார்சலுக்கு. அசலை வைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த போலியை ‘நீங்க அனுப்பினது டூப்ளிகேட் சார்’ என்று அனுப்பும் ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருப்பார். அப்போது கை கொடுப்பதும் அந்த ஓரப் படம்தான். ஒரே ஆண்டில் அடித்த இரண்டு ரூபாய்களில் கீறல்கள் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஏழு மணிப் பக்கத்து வெட்டோடு போன காசு, வெட்டில்லாமல் திரும்பி வந்தால் அட்மின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, யாரைக் குழுவிலிருந்து நீக்குவது என்று ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்துவிடலாம்.