கிண்ணம் எட்டாத ஹங்கேரி

உலகக் கிண்ணத்தை ஒருமுறையேனும் கைக்கொள்ளாத ஹங்கேரியே கால்பந்தாட்டத்தின் போக்கை மாற்றியமைத்த தேசம் என்று சொன்னால், 1938இலும் 1954இலும் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணிக்கு இத்தனை புகழ்ச்சியா என்று வியப்போர், 1953 நவம்பர் 25ஆம் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் நிகழ்ந்ததைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் தீவுகளுக்கு அப்பாலிருந்து வந்த எந்த அணியிடமும் சொந்த மண்ணில் தோற்றறியாத இங்கிலாந்து, அன்று 6-3 என வீழ்ந்தது. ஒன்பதாம் எண் சட்டைக்காரர் எதிரணியின் கோலை அண்டியே நிற்பார், ஐந்தாம் எண்காரர் அவரை விட்டகலாமல் காப்பார் என்பது அக்காலச் சம்பிரதாயம். குஸ்தாவ் செபஸ் அமைத்த அணியின் ஒன்பதாம் எண்காரரான ஹிடெக்குட்டியோ நடுத்திடல் வரை பின்வாங்கி நின்றார். அவரைத் தொடர்ந்து போனால் சக முன்கள ஆட்டக்காரர்களான புஷ்காஷும் கோச்சிஷும் பாய்வதற்கு வழி திறக்கும். போகாவிட்டால் ஹிடெக்குட்டி தடையின்றி ஆட்டத்தை நடத்துவார். இந்தத் தர்மசங்கடத்தில் இங்கிலாந்தின் ஐந்தாம் எண்காரர் ஹாரி ஜான்ஸ்டன் தவிக்க, ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார். முதலாவது முதல் நிமிஷத்திலேயே. விடை தேட ஆறு மாத அவகாசம் கிடைத்தும், மறு மே மாதம் புடாபெஸ்டில் இங்கிலாந்து 7-1 எனத் தோற்றது.

இவ்வளவு இசைவு ஒரு தேசிய அணிக்கு எங்ஙனம் வாய்த்தது? ராணுவத்தின் கழகமாக்கப்பட்ட ஹொன்வேடில் தலைசிறந்த ஆட்டக்காரர் பலரை அரசாங்கம் ஒன்றுசேர்த்ததால், அவர்கள் வருஷம் முழுவதும் கூடியே ஆடினர்.

1954இல் பிரிவு ஆட்டத்தில் 8-3 என வென்ற மேற்கு ஜெர்மனியிடமே, பெர்ன் நகரின் வாங்க்டோர்ஃப் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், எட்டு நிமிஷத்துக்குள் இரண்டு கோல் முந்தியிருந்தும் ஹங்கேரி 3-2 எனத் தோற்றது. முந்தைய மோதலில் கணுக்காலில் அடிபட்ட புஷ்காஷை ஆடவிட்டது விவேகமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என் மனத்துக்கு அது விவேகமாகப் படவில்லை.

1956 புரட்சி நசுக்கப்பட்டபோது வெளிநாட்டிலிருந்த புஷ்காஷும் கோச்சிஷும் அவர்களின் அணித்தோழர் சிபோரும் தாயகம் திரும்பவில்லை. பின்னிருவரும் 1961இல் பார்சலோனாவுக்காக அதே வாங்க்டோர்ஃபில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடி, அதே 3-2 கணக்கில் தோற்றது விதியின் விஷமம் போலும்! 1964, 1968 ஒலிம்பிக் தங்கங்கள் ஹங்கேரிக்குக் கிடைத்தன. ஆயினும் 1986இல் சோவியத் யூனியனிடம் 6-0 எனத் தோற்ற பின், உலகக் கிண்ணப் போட்டிக்கே அது மறுபடி தகுதி பெறவில்லை.